செலனியம், சீபியா, நீலம்: திருகோணமலை வெக்கையில் டோனர்கள் பழுதாகாமல் வைத்திருப்பது

#1 உவர்மலை_22

கறுப்பு-வெள்ளைப் புகைப்படப் பிரின்டுக்கு டோனிங் (இரசாயனத்தால் படத்தின் நிறத்தை மாற்றுவது) செய்கிற ஆட்களிடம் மூன்று கேள்வி.

ஒன்று, தயோயூரியா சீபியா. பிளீச், கழுவல், டோனர் எல்லாம் முடிந்து பார்த்தால் நிழல் பகுதி நல்ல மண்ணிறம். ஆனால் முகத்தின் வெளிச்சப் பக்கம், முகில், வெள்ளைச் சேலையின் மடிப்பு எல்லாம் காணாமல் போகிறது. இரண்டு, செலனிய டோனர் 1+9 (ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர்) கலந்து வைத்த போத்தலின் அடியில் கரி மாதிரிக் கறுப்பு மண்டி. அமோனியா மணமும் குறைந்துவிட்டது. மூன்று, அதே சீபியா பிரின்டுகளில் குண்டூசித் தலையளவு நீலப் புள்ளிகள்.

அறை பகலில் 31, 32 பாகை. கச்சான் அடிக்கிற நாளில் இன்னும் கூட. கரைசல்கள் நாலைந்து மாதம் பழசு. சாமான் கொழும்பிலிருந்து வரவேண்டியது, சும்மா ஊற்றிவிட மனமில்லை. எது பழுது, எதை இன்னும் பாவிக்கலாம்?

#2 பழைய_என்லாஜர்

தம்பி, மூன்றும் வேறு வேறு வியாதி. முதலாவதை மட்டும் இப்ப பார்ப்போம், அதுதான் பிரின்டைத் திரும்ப எடுக்க முடியாமல் கெடுக்கிறது.

வெளிச்சப் பகுதி எந்த இடத்தில் போகிறது என்று முதலில் பிடிக்கவேணும். டோனரில் போகிறதா, பிளீச்சில் போகிறதா? அதுக்கு ஒரு சின்னச் சோதனை. பழுதான பிரின்ட் ஒன்றைப் போலவே இன்னொரு பிரின்டை எடுத்து வழமைபோல் பிளீச் செய்யுங்கோ. மஞ்சள் போகும்வரை கழுவுங்கோ. பிறகு அதை நீளவாக்கில் இரண்டாக வெட்டி ஒரு பாதியைச் சாதாரண பேப்பர் டெவலப்பரில், அறை வெளிச்சத்திலேயே போடுங்கோ. பிளீச் செய்தது வெள்ளியை வெள்ளி புரோமைட்டாக மாற்றுவது மட்டும்தான். வெள்ளி பேப்பரை விட்டு வெளியே போகவில்லை. ஆகவே டெவலப்பரில் படம் முழுசாகக் கறுத்துத் திரும்பி வரவேணும். முகில் திரும்பி வந்தால் உங்கள் பிளீச் சுத்தம், குற்றவாளி டோனர். முகில் வராவிட்டால் அது பிளீச் தட்டிலேயே கரைந்துபோய்விட்டது. அதுக்குப் பிறகு எந்த டோனரும் ஒன்றும் செய்யாது.

பிளீச்சில் கரைவதற்கு ஒரே காரணம்தான் எனக்குத் தெரிந்து நடைமுறையில் வருகிறது: ஹைப்போ, அதாவது ஃபிக்சரிலிருந்து கழுவுப்படாமல் மிஞ்சின தயோசல்பேற்று. பிளீச்சிலுள்ள பெரிசயனைட்டும் தயோசல்பேற்றும் சேர்ந்தால் அது பிளீச் இல்லை, ஃபார்மர் ரெடியூசர். வெள்ளியைப் புரோமைட்டாக்கி அடுத்த நொடியே கரைத்துக் கொண்டு போகும். வெள்ளி குறைவாக உள்ள இடம் முதலில் வெறுமையாகும், அதுதான் உங்கள் முகில். கழுவல் போதாத நாலு பிரின்ட் போனாலே அந்தத் தட்டு முழுக்க ஹைப்போ கலந்துவிடும். பிறகு நன்றாகக் கழுவிய ஐந்தாவது பிரின்டும் பழுதாகும். கரைசலின் வயசைக் குறை சொல்ல வேண்டாம்.

ஒன்று சொல்லவேணும்: சீபியாவில் வெளிச்சப் பகுதி கொஞ்சம் வெளிறுவது இயல்பு. மஞ்சள்-மண்ணிறம் கண்ணுக்குக் கறுப்பை விட மெல்லிசாகத் தெரியும். அதனால்தான் சீபியாவுக்கு அடிக்கிற பிரின்டை ஒரு 10-15 வீதம் கூட எக்ஸ்போஸ் செய்கிறது. ஆனால் மடிப்பே இல்லாமல் போவது வெளிறல் கணக்கில் வராது.

#3 சிவப்புவிளக்கு

மேலே சொன்னதோடு, சல்பைட்டு டோனர் பாவிக்கிற ஆட்களுக்கு இன்னொன்று. இதே முகில் நோய் டோனர் பக்கத்திலிருந்தும் வரும். சோடியம் சல்பைட்டு காற்றுப்பட்டு ஒட்சியேறினால் அதில் தயோசல்பேற்று உண்டாகும். அதாவது போத்தலுக்குள்ளேயே ஹைப்போ தயாராகிவிடும். பிளீச்சான பிரின்டை அதில் போட்டால் ஒரு பக்கம் மண்ணிறமாக்கும், மறுபக்கம் கரைக்கும். பழைய சல்பைட்டில் டோன் செய்த பிரின்ட் வெளிறி மஞ்சளடித்துக் கிடப்பது இதனால்தான்.

சோடியம் சல்பைட்டுப் பளிங்கு நல்லது என்றால் ஈரமில்லாமல் ஒளி ஊடுருவும்படி இருக்கும். திருகோணமலையில் மாரியில் ஒரு முறை மூடியைத் திறந்து பத்து நிமிடம் வைத்தால் போதும், வியர்த்து ஒட்டத் தொடங்கும். போத்தல் கழுத்தில் வெள்ளைப் பொருக்குக் கட்டியிருந்தால் அதைச் சுரண்டிக் கரைசலில் போடாதீங்கோ. அந்தப் பொருக்குத்தான் ஒட்சியேறின சாமான். மேற்பொருக்கை எறிந்து உள்ளே சுத்தமாக இருக்கிற பளிங்கைக் கழுவிப் பாவிக்கலாம், ஆனால் நிறை சரியாக வராது. ஒரு கிலோ வாங்கினால் அன்றைக்கே முழுவதையும் கடும் கரைசலாக்கி, 100 மி.லீ. கண்ணாடிப் போத்தல்களில் வாய் முட்ட நிரப்பி வைப்பது நல்லது. வேலைக்கரைசல் அன்றைக்கன்றைக்கே.

கடையில் கேட்கும்போதும் கவனம். சல்பைட்டு வேறு, சல்பைற்று வேறு. சோடியம் சல்பைட்டு அழுகின முட்டை மணக்கிற டோனர். சோடியம் சல்பைற்று ஹைப்போவை வெளியேற்றப் பாவிக்கிறது. ஒரு எழுத்தை விழுங்கிச் சொன்னால் வேறு பக்கற் கைக்கு வரும். துண்டில் எழுதிக் கொடுங்கோ.

#4 உவர்மலை_22

சோதனை செய்தேன். முகில் திரும்பி வரவில்லை. அப்ப பிளீச்தான். ஃபைபர் பேப்பர், ஃபிக்சருக்குப் பிறகு ஓடுகிற தண்ணீரில் 10 நிமிடம் கழுவல். சல்பைற்றுக் குளியல் இல்லை. இது போதாதா?

#5 ஹைப்போ_அக்கா

பிளாஸ்ரிக் பூசின ஆர்.சி. பேப்பருக்கு 10 நிமிடம் தாராளம். ஃபைபருக்குக் கனவிலும் போதாது தம்பி. ஹைப்போ ஜெலற்றினில் மட்டும் இல்லை, பேப்பர் நாருக்குள்ளேயும் ஊறிக் கிடக்கும்.

முறை இப்படி. ஃபிக்ஸ் முடிய 5 நிமிடம் மாற்றி மாற்றித் தண்ணீர். பிறகு சோடியம் சல்பைற்று 20 கிராம், தண்ணீர் 1 லீற்றர், இதில் 10 நிமிடம் தட்டை ஆட்டிக்கொண்டு. பிறகு ஓடுகிற தண்ணீரில் 20 முதல் 30 நிமிடம். சல்பைற்றுக் குளியல் தயாரித்த அன்றைக்கே முடிக்க வேண்டியது. திறந்த தட்டில் அடுத்த நாள் வைத்தால் சல்பேற்றாகப் பாதி மாறியிருக்கும், அது பெரிசாக ஒன்றும் வெளியேற்றாது.

கழுவல் சரியா என்று கண்ணால் பார்க்க எச்.டி-2 (HT-2) என்கிற, மிஞ்சின ஹைப்போவைக் காட்டுகிற சோதனை: தண்ணீர் 750 மி.லீ., 28 வீத அசற்றிக் அமிலம் 125 மி.லீ., வெள்ளி நைத்திரேற்று 7.5 கிராம், தண்ணீர் சேர்த்து 1 லீற்றர். இவ்வளவு யாருக்கும் தேவையில்லை. பத்திலொன்று கலந்து துளிப்போத்தலில், கபிலக் கண்ணாடியில், இருட்டில் வையுங்கோ. ஈரமான பிரின்டின் வெள்ளை விளிம்பைத் துடைத்து ஒரு துளி, 2 நிமிடம், பிறகு உப்புத் தண்ணீரால் கழுவிப் பார்க்கிறது. மெல்லிய வெண்மஞ்சள் என்றால் சரி. மஞ்சள்-மண்ணிறம் என்றால் இன்னும் கழுவவேணும். கையில் பட்டால் கறுப்பு ஒரு கிழமை போகாது, கையுறை போடுங்கோ.

நம்ம ஊருக்கு ஒரு விசேஷம். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் மணற்கிணறுகள் வெயில் காலத்தில் உவர்க்கும். உவர்த் தண்ணீரில் கழுவிய பேப்பரில் இந்தத் துளியைப் போட்டால் பால்போல் வெள்ளையாகும், பிறகு வெளிச்சத்தில் கறுக்கும். அது வெள்ளி குளோரைட்டு, ஹைப்போ இல்லை. அதைப் பார்த்துப் பயந்து இன்னும் இரண்டு மணி நேரம் கழுவினால் தண்ணீர்தான் வீண். கடைசி 5 நிமிடத்தைக் குழாய்த் தண்ணீரிலோ காய்ச்சி வடித்த தண்ணீரிலோ செய்துவிட்டுச் சோதியுங்கோ.

இன்னொன்று, உவர்த் தண்ணீர் கழுவலுக்குக் கெட்டது என்று நினைக்க வேண்டாம். கடல் நீர் நன்னீரை விட விரைவாக ஹைப்போவை வெளியேற்றும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கப்பல்களில் கண்ட விஷயம் இது, சல்பைற்றுக் குளியல் எல்லாம் அதுக்குப் பிறகுதான் பழக்கத்துக்கு வந்தது. கடைசியில் உப்பை நன்னீரால் எடுத்துவிட வேணும், அவ்வளவுதான். துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கிற நமக்கு இது தெரிந்திருக்கவேணும்.

#6 வெள்ளைமணல்

நீலப் புள்ளிக்கு வருகிறேன். பெரிசயனைட்டுப் போத்தலின் மூடி என்ன மூடி? தகர மூடி என்றால் அதைக் கழற்றி உள்பக்கத்தைப் பாருங்கோ.

பெரிசயனைட்டு வெள்ளியோடு வேலை செய்யும்போது பெரோசயனைட்டாக மாறும். அதில் இரும்பு ஒரு தூள் விழுந்தாலும் பிரசியன் நீலம். பிரின்டில் விழுந்தால் அந்த இடத்தில் புள்ளி, அது கழுவப் போகாது. கடற்காற்றில் தகர மூடி மூன்று மாதத்தில் துருப்பிடிக்கும். ஒவ்வொரு முறை திருகும்போதும் புரியிலிருந்து துருத்தூள் கரைசலுக்குள் கொட்டும். எனாமல் உரிந்த தட்டு, இரும்பு இடுக்கி, கம்பி வலை வடி, பழைய இரும்புக் குழாய் எல்லாம் இதே குற்றவாளிகள். விடிய முதல் தண்ணீரைக் குழாயிலிருந்து ஒரு வாளி ஓடவிட்டுப் பிறகு பிடிக்கிறது நல்லது, இரவு முழுக்கக் குழாயில் நின்ற தண்ணீர் துருவோடு வரும்.

கரைசல் இன்னும் பளிச்சென்ற எலுமிச்சை மஞ்சளாக இருந்தால் வடிதாளில் வடித்து, பிளாஸ்ரிக் மூடிப் போத்தலுக்கு மாற்றிப் பாவிக்கலாம். பச்சை அடித்திருந்தால், கழுத்தில் நீல வளையம் கட்டியிருந்தால் விட்டுவிடுங்கோ. ஆனால் உங்கள் விஷயத்தில் அதில் ஹைப்போவும் கலந்திருக்கு. வேலைக்கரைசலை எறியத்தான் வேணும், இருப்புக் கரைசலை மட்டும் காப்பாற்றலாம்.

#7 பழைய_என்லாஜர்

வெள்ளைமணல் சொன்னது சரி. பாவித்த பிளீச்சைத் திரும்ப இருப்புப் போத்தலுக்குள் ஊற்றுகிற பழக்கம் இருந்தால் அதை இன்றைக்கே விடுங்கோ. எல்லா டோனருக்கும் இதே கதைதான்: இருப்பு தனி, வேலைக்கரைசல் தனி, பாவித்தது தனி. வெக்கையால் பழுதாகிறதை விட இந்தக் கலப்படத்தால் பழுதாகிறதுதான் கூட.

நான் கலக்கிற அளவு:

பிளீச் இருப்பு: பொற்றாசியம் பெரிசயனைட்டு 50 கிராம், பொற்றாசியம் புரோமைட்டு 50 கிராம், காய்ச்சி வடித்த தண்ணீர் சேர்த்து 500 மி.லீ. பாவிக்க 1+9. கராஜில் பற்றரிக்கு ஊற்ற விற்கிற காய்ச்சி வடித்த தண்ணீர் போதும். பற்றரி அமிலத்தை மாறி வாங்கிவிடாதீங்கோ, பெரிசயனைட்டுக்குக் கடும் அமிலம் ஆகவே ஆகாது, நச்சு வாயு வரும். கபிலக் கண்ணாடி, இருட்டு அலுமாரி. இப்படி வைத்தால் ஒரு வருடம் கவலையில்லை. வெயில் படுகிற ஜன்னலோரம் வைத்தால் மாதக் கணக்கில்லை, கிழமைக் கணக்கு.

தயோயூரியா இருப்பு: 100 கிராம், தண்ணீர் சேர்த்து 1 லீற்றர். கரையும்போது தண்ணீர் குளிர்ந்துபோகும், போத்தலைத் தொட்டாலே தெரியும். அதனால் இளஞ்சூட்டுத் தண்ணீரில் தொடங்குங்கோ. இதை இருட்டறைக்குள் நிறுக்கவே கூடாது. தூசு ஒரு சிட்டிகை மேசையில் கிடந்தாலும் அதில் வைத்த பேப்பர் கறுத்து மூட்டமடிக்கும். மின்விசிறியை நிறுத்தி, ஈரப் பத்திரிகைத் தாள் விரித்து, முகமூடி, கையுறையோடு வெளியே நிறுத்துவிட்டு அந்தத் தாளைச் சுருட்டி எறியுங்கோ. புற்றுநோய்ச் சந்தேகம் உள்ள பொருள், சமையலறைத் தராசு பாவிக்க வேண்டாம்.

எரிசோடா இருப்பு: சோடியம் ஐதரொட்சைட்டு 100 கிராம், 1 லீற்றர். 700 மி.லீ. குளிர்ந்த தண்ணீரை எடுத்து அதுக்குள் சிறுகச் சிறுக எரிசோடாவைப் போட்டுக் கலக்கவேணும். மாறி எரிசோடாவுக்கு மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்து முகத்துக்கு அடிக்கும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கோ. ஆறின பிறகு 1 லீற்றராக்கித் தடித்த எச்.டி.பி.ஈ. பிளாஸ்ரிக் போத்தலில். சோடாப் போத்தல் மாதிரி மெல்லிய பெற் போத்தலை எரிசோடா தின்னும். கண்ணாடி அடைப்பானோடு வருகிற பழைய ஆய்வுகூடப் போத்தலிலும் வைக்காதீங்கோ, அடைப்பான் கழுத்தோடு ஒட்டிப் பிறகு சுத்தியல் எடுத்தாலும் வராது.

வேலைக்கரைசல்: தண்ணீர் 500 மி.லீ.க்குத் தயோயூரியா இருப்பு 50 மி.லீ., எரிசோடா இருப்பு 10 மி.லீ. என்றால் மஞ்சளடித்த மண்ணிறம். மாறி 10, 50 என்றால் கடும் மண்ணிறம், கிட்டத்தட்ட சொக்லற். நடுவில் எதையும் எடுக்கலாம். இது தட்டில் சில மணி நேரம்தான். போத்தலில் சேர்த்து வைக்கிறது பிரயோசனம் இல்லை.

#8 சிவப்புவிளக்கு

ஒரே அளவு போட்டும் மாதத்துக்கு மாதம் சீபியா மஞ்சளாகிக்கொண்டு போகிறது என்று சிலர் தயோயூரியாவை மாற்றிப் பார்ப்பார்கள். எரிசோடாவைப் பாருங்கோ. காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை இழுத்து அது காபனேற்றாகும். காரம் குறையும், நிறம் மஞ்சள் பக்கம் போகும். சோதனை: 5 மி.லீ. எரிசோடாக் கரைசலில் சாதாரண வினாகிரி 20 மி.லீ. வரை கொஞ்சம் கொஞ்சமாக. கடைசிப் பக்கம் சோடா மாதிரி நுரைத்தால் காபனேற்று ஏறியிருக்கு. சத்தமில்லாமல் கலந்தால் நல்லது. இதை எரிசோடா இருப்போடு மட்டும் செய்யுங்கோ. சல்பைட்டு, செலனியம், பெரிசயனைட்டு கிடக்கிற மேசையில் வினாகிரிப் போத்தலே திறக்க வேண்டாம்.

பாதி காலியான போத்தல்தான் எதிரி. பெடியள் விளையாடுகிற கண்ணாடிப் போளையைக் கழுவிக் காயவைத்துப் போத்தலுக்குள் போட்டு மட்டத்தைக் கழுத்து வரை உயர்த்தலாம். எரிசோடாவுக்குப் போளை வேண்டாம், அதுக்குச் சின்னப் போத்தலுக்கு மாற்றுவதுதான் சரி.

#9 கன்னியா7

செலனியக் கறுப்பு மண்டியைப் பார்த்து எறியிற ஆக்களுக்குச் சொல்லுறன்: எறியாதீங்கோ. மண்டி எண்டால் டோனர் செத்திட்டுது எண்டு அர்த்தம் இல்லை. கரைசலில் இருந்து பிரிஞ்ச செலனியமும், பிரின்டில் இருந்து வந்த வெள்ளியும் தான் அது. டோனரில இருக்கிற சல்பைற்று காற்றில ஒட்சியேற ஏற செலனியத்தைக் கரைசலில் பிடிச்சு வைக்கிற பலம் குறையும், அது கீழ இறங்கும்.

போத்தலைக் குலுக்காமல் மெதுவா சரிச்சு ஊத்துங்கோ. புனலில் முதல் பஞ்சு, அதுக்கு மேல வடிதாள். தேயிலை வடி கண் பெரிசு, கறுப்பு நேரே கீழ போயிடும். வடிக்கிறதுக்கு ஒரு மணித்தியாலம் எடுக்கும், யன்னலைத் திறந்து விட்டிட்டு வேற வேலையைப் பாருங்கோ.

அமோனியா மணத்தை வச்சு உயிர் பாக்கக் கூடாது. டோன் செய்யிறது அமோனியா இல்லை. இந்த வெக்கையில மணம் முதல் போயிடும், டோனர் பிறகும் வேலை செய்யும். சோதனைத் துண்டு வச்சுத்தான் பாக்க வேணும். நேரம் இரண்டு மடங்கானால் லீற்றருக்கு 25 மி.லீ. கடுங்கரைசல் சேருங்கோ, திரும்ப எழும்பும். இப்பிடி வடிச்சு, சேர்த்து, வடிச்சு, சேர்த்து வருசக் கணக்கா ஓட்டலாம்.

#10 சிவப்புவிளக்கு

கன்னியா அண்ணா, வடிப்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. வருடக் கணக்கு என்பதில்தான். ஒவ்வொரு பிரின்டும் கொஞ்சம் வெள்ளி, கொஞ்சம் ஹைப்போவைக் கொண்டுவந்து விடுகிறது. கடுங்கரைசல் சேர்த்தால் செலனியம் கூடும், ஆனால் வந்த குப்பை குறையாது. நிறமாற்றம் மட்டும் பார்த்தால் வேலை செய்வதுபோலத்தான் தெரியும். நீடித்து நிற்க வேண்டிய, கண்காட்சிக்குப் போகிற பிரின்டுக்குப் புதுக் கரைசல். ஆல்பத்துக்கு, சோதனைக்கு அந்த வடித்த பழசு. இரண்டு போத்தல், இரண்டு லேபல்.

#11 கன்னியா7

சரி, அதுக்கு நான் எதிர்ப்பில்லை. ஆனால் விளிம்பு வெள்ளையில் மஞ்சள் அல்லது இளஞ்சிவப்புக் கறை வந்தால் ஆக்கள் உடனே பழைய டோனரைத் திட்டுவினம். புது டோனரிலையும் அந்தக் கறை வரும். ஃபிக்ஸ் போதாமல் பேப்பருக்குள்ள நிண்ட வெள்ளி உப்பு, இல்லாட்டி அமில ஃபிக்சர் கழுவாமல் நேரே செலனியத்துக்கு வந்தது. செலனியக் கரைசல் காரப் பக்கம், அமிலம் பட்டால் செலனியம் பேப்பரிலேயே இறங்கிக் கறையாகும். இரண்டு தட்டு ஃபிக்சர், பிறகு அக்கா சொன்ன சல்பைற்றுக் குளியல், பிறகு செலனியம். இப்பிடிப் போனால் கறை இல்லை.

சந்தேகம் எண்டால் டோன் செய்ய முதல் 1+9 செலனியம் ஒரு துளியை வெள்ளை விளிம்பில் 3 நிமிசம் விட்டுப் பாருங்கோ. கறை விழுந்தால் ஃபிக்ஸ் காணாது.

#12 உவர்மலை_22

நன்றி எல்லோருக்கும். சோதனைத் துண்டு என்று எல்லோரும் சொல்கிறீர்கள், அதை எப்படிச் செய்து வைப்பது? இரண்டாவது, நீல டோனருக்கு எடுத்த பெரிக் அமோனியம் சித்திரேற்றுக் கரைசலில் பச்சைப் பாசி மாதிரி மிதக்கிறது. கோல்ட் குளோரைட் கொஞ்சம் இருக்கிறது, அதை எப்படி வைக்கிறது?

#13 ஹைப்போ_அக்கா

துண்டு: நீங்கள் வழமையாகப் பாவிக்கிற பேப்பர் ஒரு தாள். என்லாஜருக்குக் கீழே ஐந்தாறு படி எக்ஸ்போசர், வெள்ளையிலிருந்து முழுக் கறுப்பு வரை. டெவலப், இரண்டு ஃபிக்சர், நல்ல கழுவல், காயவைத்தல். பிறகு படிகளுக்குக் குறுக்காக 2 சென்ரிமீற்றர் அகலத்தில் வெட்டினால் ஒவ்வொரு துண்டிலும் எல்லாப் படியும் இருக்கும். ஒரு தாளில் பத்துப் பன்னிரண்டு துண்டு. மூடுகிற டப்பாவில் சிலிக்கா ஜெல் பையோடு வையுங்கோ. வேலை தொடங்க முன் ஒரு துண்டை நனைத்து, பாதி மட்டும் கரைசலுக்குள். நேரம் பார்த்து எழுதுங்கோ. புதுக் கரைசலில் பிளீச் ஒரு நிமிடம், இப்போ இரண்டு நிமிடம் என்றால் மாற்றுகிற நேரம். மங்கல் படிகள் பிளீச்சில் மெல்லிய பழுப்பு நிழலாக நிற்காமல் வெறும் வெள்ளையானால் ஹைப்போ கலந்திருக்கு. பேப்பர் மாறினால் துண்டும் மாறவேணும், வார்ம்டோன் பேப்பர் செலனியத்தில் விரைவாகச் சிவந்த மண்ணிறமாகும், மற்றப் பேப்பர் அவ்வளவாக நிறம் மாறாது.

பாசி: அது பூஞ்சணம்தான். சித்திரேற்று அதுக்குச் சாப்பாடு, வாடைக் காலத்து ஈரம் அதுக்குக் கொண்டாட்டம். கொஞ்சம் என்றால் வடித்துப் பாவிக்கலாம். நூல் நூலாக அடியில் வளர்ந்திருந்தால் ஊற்றிவிடுங்கோ. 10 வீதக் கரைசலாக 250 மி.லீ.க்கு மேல் கலக்காமல், கொதித்து ஆறின தண்ணீரில், ஒரு சின்னத் தைமோல் பளிங்கு போட்டு, கபிலப் போத்தலில் வைத்தால் சில மாதம் நிற்கும்.

நீலம் கலக்கும்போது: தண்ணீரில் சித்திரேற்று 10 வீதம் 50 மி.லீ., பிறகு அசற்றிக் அமிலம் 10 வீதம் 50, கடைசியில் பெரிசயனைட்டு 10 வீதம் 50, எல்லாம் சேர்த்து 500. கலந்த உடனே வேலை, வெயில் படக்கூடாது, அடியில் நீல மண்டி இறங்கினால் முடிந்தது. இங்கே போடுகிற பெரிசயனைட்டில் புரோமைட்டு இல்லை, அதனால் பிளீச் இருப்பை எடுத்து ஊற்றிவிடாதீங்கோ. நீலத்துக்குக் காரம் விஷம். கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு கூட என்றால் கழுவ கழுவ நீலம் கரைந்து வெளிறும். கழுவுகிற தண்ணீரில் இரண்டு மூன்று துளி அசற்றிக் அமிலம் விட்டால் நிற்கும், மஞ்சள் வெளியேறினதும் எடுத்துவிடுங்கோ.

#14 பழைய_என்லாஜர்

கோல்ட் குளோரைட்: 1 வீதக் கரைசலாக்கி, கபிலக் கண்ணாடிப் போத்தலில், பிளாஸ்ரிக் மூடியோடு. உலோகம் எதுவும் படக்கூடாது. உலோகக் கரண்டியால் கலக்கினால் பொன் கரண்டிக்குப் போய்விடும், பிரின்டுக்கு வராது. இப்படி வைத்தால் பல வருடம் கெடாது. நீங்கள் வைத்திருக்கிறதில் கெடவே கெடாதது இதுதான்.

வேலைக்கரைசல் கொடாக்கின் ஜி.பி-1 என்கிற பொன் டோனர் போல: தண்ணீர் 750 மி.லீ., 1 வீதப் பொன் கரைசல் 10 மி.லீ. வேறொரு பாத்திரத்தில் பொற்றாசியம் தயோசயனேற்று 10 கிராமை 125 மி.லீ. தண்ணீரில் கரைத்து, அதை மெதுவாகக் கலக்கிக்கொண்டே பொன் கரைசலுக்குள் ஊற்றவேணும். பிறகு 1 லீற்றர். கலந்தால் அன்றைக்கே முடியுங்கோ. லீற்றருக்கு எட்டு 8×10 தாளுக்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

#15 வெள்ளைமணல்

வெக்கை பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லை. டோனர் நேரங்கள் எல்லாம் 20 பாகைக்கு எழுதினவை. 31 பாகையில் செலனியம் அந்த நேரத்துக்குள் தாண்டிப் போய்விடும், பிரின்டைத் தட்டில் விட்டுவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போக முடியாது. அதோடு 30க்கு மேல் ஜெலற்றின் இளகத் தொடங்கும், எரிசோடா கலந்த டோனரில் இன்னும் மோசம், இடுக்கி பட்ட இடத்தில் பிறாண்டல் விழும். 24-25 பாகைக்கு இறக்கினால் போதும். 20க்கு மல்லுக்கட்ட வேண்டாம்.

பெரிய தட்டுக்குள் சின்னத் தட்டு. பெரியதில் தண்ணீரும் ஐஸும். ஐஸைக் கரைசலுக்குள் போட்டால் அளவு மாறும், அதுவும் கடை ஐஸ் என்ன தண்ணீரோ. கழுவுகிற தண்ணீரும் கிட்டத்தட்ட அதே வெப்பத்தில் இருக்கவேணும். 24 பாகை டோனரிலிருந்து கூரைத் தாங்கியில் வெயில் குடித்த 36 பாகைத் தண்ணீருக்குப் போட்டால் ஜெலற்றினில் வலைக்கண் மாதிரிச் சுருக்கம் விழும். தாங்கித் தண்ணீர் மத்தியானத்தில் கன்னியா வெந்நீர்க் கிணற்றோடு போட்டி போடும், ஆகவே வேலையை விடியப்புறம் வையுங்கோ.

போத்தல்களை நிலத்தில், வடக்குச் சுவர்ப் பக்கம், மரப் பெட்டிக்குள். சாப்பாட்டு ஃபிரிஜ்ஜுக்குள் வேண்டவே வேண்டாம். சாராயப் போத்தல், சோடாப் போத்தல் எதிலும் வைக்க வேண்டாம், லேபல் கழன்று விழுகிற ஈரம் இது. மாஸ்கிங் ரேப்பில் பென்சிலால் பெயர், செறிவு, கலந்த திகதி. மை ஊறிப் போகும், பென்சில் போகாது. பேப்பரும் சல்பைட்டும் ஒரே அலுமாரியில் இருக்கக் கூடாது, மூடின போத்தலாலும் மணம் கசியும், பேப்பர் மூட்டமடிக்கும்.

#16 உவர்மலை_22

கடைசியாக, எறிய வேண்டியதை எங்கே எறிகிறது? வீட்டில் கிணறு இருக்கிறது, மலசலகூடக் குழி அதிலிருந்து நாற்பது அடி.

#17 ஹைப்போ_அக்கா

கிணறு இருந்தால் செலனியத்தைக் குழிக்குள்ளும் ஊற்றாதீங்கோ, மணலிலும் ஊற்றாதீங்கோ. நம்ம மணல் ஒன்றையும் பிடித்து வைக்காது, நேரே கிணற்றுக்குப் போகும். முதலில் பழுதான பிரின்டுகளைப் போட்டுச் செலனியத்தை முடிந்தவரை வெளியே எடுங்கோ, நிறம் மாறாத நிலை வரும் வரை. மிச்சத்தை எச்.டி.பி.ஈ. கானில் பெயர் எழுதிப் பூட்டி வைத்து, இரசாயனக் கழிவு ஏற்கிற இடத்துக்குக் கொடுங்கோ. வடித்த கறுப்புத் தாளும் அதே கானுக்குள்.

பெரிசயனைட்டையும் சல்பைட்டையும் தனித்தனிக் கானில். இரண்டில் எதற்கும் அமிலம் சேரக்கூடாது. ஃபிக்சர் கழிவும் அமிலம்தான், அதை இவற்றோடு ஒரே கானுக்குள் ஊற்றுகிற ஆட்கள் இருக்கிறார்கள். சல்பைட்டில் அமிலம் பட்டால் வருகிற ஐதரசன் சல்பைட்டு முதலில் மணக்கும், கூடினால் மூக்கு மரத்து மணமே தெரியாமல் போகும். மணம் நின்றுவிட்டது என்று உள்ளே நிற்காமல் வெளியே வந்துவிடவேணும்.

#18 உவர்மலை_22

செய்தது: பிளீச் வேலைக்கரைசல் கானுக்குள். இருப்பை வடித்துக் கபிலப் போத்தலுக்கு மாற்றினேன், வடிதாளில் நீலத் தூள் கிடந்தது, பழைய மூடியின் புரி முழுக்கத் துரு. புதுசாய்க் கலந்த 1+9 பிளீச்சில், 25 பாகையில், சல்பைற்றுக் குளியலும் அரை மணிக் கழுவலும் முடிந்த துண்டு: முழுதாகப் பிளீச்சாக 1 நிமிடம் 20 வினாடி. டெவலப்பரில் போட்டதும் எல்லாப் படியும் திரும்பி வந்தது, மிக மெல்லியது உட்பட. செலனியம் இன்னும் புனலில் சொட்டிக்கொண்டிருக்கிறது.

#19 கன்னியா7

சொட்டட்டும். பஞ்சு கறுத்தால் மாத்துங்கோ, அமத்தாதீங்கோ.